சலசலப்பு குறையும் வரை: வீட்டில் மொறுமொறுப்பான ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்

அப்பளத்தை எண்ணெயில் போட்டால் இரண்டு மூன்று நொடியில் பொரிந்து விரிந்துவிடுகிறது. வற்றலும் அப்படித்தான். அதே எண்ணெயில், அதே தீயில் உருளைக்கிழங்கை நீளவாக்கில் நறுக்கிப் போட்டால் பத்து நிமிடம் கழித்தும் துவண்டு கிடக்கிறது. வெளியே சிவந்திருக்கும், கடித்தால் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டால் அந்தச் சிவப்புத் தோலும் இளகி, வதக்கிய பொரியல் மாதிரி தட்டில் படுத்துவிடும்.

நானும் இதோடு பல வருடம் போராடியிருக்கிறேன். எண்ணெயை மாற்றினேன், தீயைக் கூட்டினேன், சோள மாவு தூவினேன். ஒருநாள் அப்பளத்துக்கும் கிழங்குக்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அப்பளத்தில் இருந்த தண்ணீரை வெயில் ஏற்கெனவே எடுத்துவிட்டது. பச்சை உருளைக்கிழங்கிலோ எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அரைக் கிலோ கிழங்கு வாங்கினால் கிட்டத்தட்ட 400 கிராம் தண்ணீரை வாங்கி வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வெளியேற்றுவது என்பதுதான் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ். இது புரிந்துவிட்டால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. கிழங்கு மாறினாலும் அடுப்பு மாறினாலும் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

எண்ணெய்க்குள் நடப்பது

கிழங்கைப் போட்டதும் எண்ணெய் கொதிப்பது போலத் தெரிகிறதே, அது எண்ணெயின் கொதிப்பு இல்லை. பொரிக்கும் சூட்டில் எண்ணெய் கொதிக்காது. கிழங்கிலிருக்கும் தண்ணீர்தான் கொதித்து, ஆவியாகி, குமிழாக வெளியேறுகிறது. தண்ணீர் ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். ஈரக் கிழங்கை அள்ளிப் போட்டால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிவது இதனால்தான். அதனால் வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றவே கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிழங்கின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சுற்றிலும் எண்ணெய் 180 டிகிரியில் இருக்கலாம், ஆனால் கிழங்கின் தோலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருப்பதால் வருகிற சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. ஈரம் போன பிறகுதான் தோல் 100ஐத் தாண்டி 120, 140 என்று ஏறும். அப்போதுதான் நிறம் மாறும், மணம் வரும். கிழங்கிலிருக்கும் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் மாற்றம் அது. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மயார் பெயரால் மயார் வினை என்கிறார்கள். தோசை முறுகுவதிலும் ரொட்டி சிவப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது? உள்ளே தண்ணீர் இருந்துகொண்டே இருப்பதால் அங்கே 100 டிகிரிதான். அதாவது நடுப்பகுதி பொரியவில்லை, இட்லி மாதிரி ஆவியில் வேகிறது. நல்ல ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என்பது வெளியே அப்பளம், உள்ளே இட்லி. இரண்டும் ஒரே துண்டில் வேண்டும் என்பதால்தான் இது பஜ்ஜியைவிடக் கொஞ்சம் நுணுக்கமான வேலையாகிறது.

முறுக்கு சுடும்போது "சலசலப்பு அடங்கினதும் எடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் தண்ணீர் வெளியேறும் சத்தம். முறுக்கில் ஈரமே இருக்கக் கூடாது, அதனால் முழுக்க அடங்க வேண்டும். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸில் சத்தம் முழுக்க அடங்கிவிட்டால் உள்ளே இருந்த இட்லியும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் நன்றாகக் குறைய வேண்டும், நின்றுவிடக் கூடாது. இரண்டு மூன்று தடவை காது கொடுத்துக் கேட்டால் பழகிவிடும். தெர்மாமீட்டரைவிட நான் என் காதைத்தான் நம்புகிறேன்.

எண்ணெய் குடிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவி மும்முரமாக வெளியே வந்துகொண்டிருக்கும்போது எண்ணெயால் அதை எதிர்த்து உள்ளே போக முடியாது. கிழங்கை வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பொரித்த பண்டம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி, எடுத்த பிறகு குடித்ததுதான். அதனால் ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும் எண்ணெய்க்கு மேலேயே வைத்து நன்றாக உதறுங்கள். அந்த முதல் அரை நிமிடத்தில் எவ்வளவு எண்ணெய் சொட்டுகிறதோ அவ்வளவு லாபம்.

கஞ்சி போட்ட வேட்டி

தண்ணீர் போனால் மட்டும் மொறுமொறுப்பு வந்துவிடாது. கீரையைக் காயவைத்தால் நொறுங்கும், ஆனால் கடிக்கும்போது சத்தம் போடும் ஓடு அதில் இல்லை. ஓடு கட்ட மாவுச்சத்து வேண்டும்.

வேட்டிக்குக் கஞ்சி போடுவதை நினைத்துப் பாருங்கள். அரிசி வெந்து கஞ்சியாகிறது. அதில் துணியை முக்கிக் காயவைத்தால் மொடமொடவென்று விறைக்கிறது. வேகாத அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து முக்கினால் அப்படி விறைக்காது, உதறினால் கொட்டிவிடும். மாவுச்சத்து முதலில் வெந்து பசையாக வேண்டும், பிறகு காய வேண்டும். ஜவ்வரிசி வற்றலும் கூழ் வற்றலும் இதே வழிதான். கூழாகக் காய்ச்சு, வெயிலில் உலர்த்து, அப்புறம் பொரி.

உருளைக்கிழங்கின் மாவுச்சத்து ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பசையாகும். பச்சைக் கிழங்கை நேராகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் இந்தப் பசை கட்டுவதற்கும் நடுப்பகுதி வேகுவதற்கும் அவகாசம் இல்லாமல் மேல்தோல் சீக்கிரம் சிவந்துவிடுகிறது. சிவந்ததே என்று எடுத்தால் மேலே இருப்பது காகிதம் போல மெல்லிய ஓடு. உள்ளே ததும்பும் ஈரம் ஐந்து நிமிடத்தில் அந்த ஓட்டை நனைத்து இளக்கிவிடும். ஓடு தடிமனாக இருந்தால் நனைந்து இளகுவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்போம்.

இரண்டு முறை பொரிப்பது எதற்கு

பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் இந்தப் பண்டம் தங்களுடையது என்று பெல்ஜியம்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் சொல்வார்கள். யார் முதலில் செய்தார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் இரண்டு முறை பொரிக்கும் பழக்கத்தை உயிராகப் பிடித்துக்கொண்டிருப்பது பெல்ஜியம்தான். அங்கே தெருமுனையில் இருக்கும் ஃப்ரிட்கோட் என்ற சின்னக் கடைகளில் கிழங்கை முன்பே ஒருமுறை குறைந்த சூட்டில் பொரித்து ஆற வைத்திருப்பார்கள். ஆள் வந்து கேட்டதும் அதிகச் சூட்டில் இரண்டாவது முறை பொரித்து, காகிதக் கூம்பில் போட்டு, மயோனைஸ் வைத்துத் தருவார்கள். பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம். கிழங்கு பெரும்பாலும் பின்ச்சே என்ற ரகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கிய ரகம் அது. தான் உருவாக்கிய ரகங்களுக்குத் தன் பிள்ளைகளின் பெயரை வைத்து வந்தவர், இதற்குத் தன் பழைய மாணவி ஒருத்தியின் பெயரை வைத்தார். ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல பாராட்டு மொழி கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

நம்மூர் டீக்கடையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். சமோசாவை முக்கால் பதத்தில் எடுத்து அடுக்கி வைத்து, சாயங்காலக் கூட்டம் வரும்போது மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். அவசரத்துக்காகச் செய்வது என்று நாம் நினைத்தாலும், இரண்டாவது முறை பொரித்த சமோசாவின் மொறுமொறுப்பு தனி.

முதல் முறை எண்ணெய் 150 டிகிரி அளவில் இருந்தால் போதும். இந்தச் சூட்டில் கிழங்கு சிவக்காமல் உள்வரை வேகும். மேற்பரப்பில் மாவுச்சத்து பசையாகி, மெல்லிய படலமாகப் படியும். இதுதான் கஞ்சி போடும் கட்டம். பிறகு வெளியே எடுத்து ஆற வைக்கிறோம். இந்த நேரத்தில் இரண்டு விஷயம் நடக்கிறது. கிழங்கின் சூட்டாலேயே ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது. பசையாக இருந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகுகிறது. ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டாவது முறை 180 முதல் 190 டிகிரி. ஏற்கெனவே பாதி காய்ந்த தோலில் மிச்சமிருக்கும் ஈரம் சட்டென்று பறந்து, ஓடு கெட்டியாகி, பொன்னிறம் ஏறுகிறது. உள்ளே வேக வேண்டியது எதுவும் பாக்கி இல்லாததால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எந்தக் கிழங்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் கெடுக்கக் கூடியது கிழங்குதான். ஃப்ரைஸுக்கு மாவுச்சத்து அதிகமான, தண்ணீர் குறைவான கிழங்கு வேண்டும். வெந்தபின் பொலபொலவென்று உதிருமே, அந்த மாதிரி. அமெரிக்காவில் ரசெட் பர்பேங்க், இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் இதற்குப் பேர்போனவை. இந்தியாவில் சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கும் ரகங்கள் எல்லாம் குஃப்ரி என்ற முன்பெயரோடு வரும். குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அதில் சிப்ஸுக்காக வந்தது குஃப்ரி சிப்சோனா, ஃப்ரைஸுக்காகவே வந்தது குஃப்ரி ஃப்ரைசோனா. நம் காய்கறிக் கடையில் ரகத்தின் பெயரைக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊட்டிக் கிழங்கா, ஆக்ரா கிழங்கா என்ற அளவில்தான் பேச்சு இருக்கும்.

பெயர் தெரியாவிட்டால் என்ன, சோதித்துப் பார்க்கலாம். 11 தம்ளர் தண்ணீருக்கு 1 தம்ளர் தூள் உப்பு கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து அதிகமான கிழங்கு கனமானது, அடியில் போய் உட்காரும். தண்ணீர்க் கிழங்கு மிதக்கும். கடையிலிருந்து ஒரு கிலோ வாங்கிச் சோதித்தால் ஒரே பையில் இரண்டு வகையும் இருப்பதைப் பார்க்கலாம். மிதப்பதைக் குருமாவுக்கு ஒதுக்கிவிடுங்கள், அதற்கு அதுதான் நன்றாக இருக்கும், கரையாது.

இன்னொரு சிக்கல் குளிர். வட மாநிலங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து வருடம் முழுக்க விற்கிறார்கள். வீட்டுச் சமையலுக்கான கிழங்கை அங்கே 2 முதல் 4 டிகிரியில் வைப்பது வழக்கம். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. மாவுச்சத்து குறைந்தால் ஓடு பலவீனமாகும். சர்க்கரை கூடினால் மயார் வினை தலைதெறிக்க ஓடும். எண்ணெயில் போட்டதும் கருகிய பழுப்பு நிறம் வருகிறது, ஆனால் மொறுமொறுப்பு வரவில்லை, லேசாக இனிக்கிறது என்றால் காரணம் இதுதான். உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். அதே காரணத்துக்காக, ஃப்ரைஸ் செய்ய நினைத்திருக்கும் கிழங்கை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர்ந்த கிழங்கு கிடைத்துவிட்டால் நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் போட்டு வையுங்கள், ஓரளவு சரியாகும். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் நீலகிரிக் கிழங்கு பெரும்பாலும் தோண்டிய சூட்டோடு வருவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தோல் விரலால் தேய்த்தாலே உரிகிற இளங்கிழங்கு வேண்டாம், அது தண்ணீர். தோல் தடித்து முற்றியதாகப் பார்த்து எடுங்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கைத் தூரப் போட்டுவிடுங்கள், அது எந்தச் சமையலுக்கும் ஆகாது.

கருக விடாமல் பொன்னிறத்தில் எடுப்பதற்கு ருசியைத் தாண்டியும் காரணம் உண்டு. மாவுச்சத்துள்ள உணவு 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாவதை 2002இல் ஸ்வீடன் உணவுத் துறை வெளியிட்டது. சர்க்கரை கூடின கிழங்கிலும், அதிகம் சிவந்த துண்டுகளிலும் அது அதிகம். விலங்குகளிடம் புற்றுநோயை உண்டாக்கியது என்பதால் முடிந்தவரை குறைப்பதே நல்லது.

செய்யலாம்

அரைக் கிலோ கிழங்கு, ஒரு லிட்டர் எண்ணெய். இது இரண்டு மூன்று பேருக்குப் போதும்.

தோல் சீவி, 1 செ.மீ. தடிமனுக்கு நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், நீளம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மெல்லியதும் தடியும் கலந்திருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். துரித உணவுக் கடைப் பாணியில் மெலிதாக வேண்டுமானால் 6, 7 மி.மீ. வைக்கலாம். அதில் ஓடு அதிகம், இட்லி குறைவு. எனக்குத் தடியாக இருப்பதுதான் பிடிக்கும்.

நறுக்கியதும் தண்ணீரில் போட்டு அலசுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். கத்தி பட்ட இடத்தில் உடைந்த செல்களிலிருந்து கொட்டும் மாவு அது. மாவுச்சத்துதானே வேண்டும், அதை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்கலாம். வெளியே தளர்ந்து கிடக்கும் மாவு துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும், எண்ணெயில் உதிர்ந்து கருகும். நமக்கு வேண்டிய மாவுச்சத்து செல்களுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. அரிசி கழுவுவது போல இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, தெளியும் வரை அலசி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். மேல்பரப்பில் இருக்கும் சர்க்கரையும் கொஞ்சம் கரைந்து போகும்.

அடுத்தது துடைப்பது. பலரும் அவசரப்படும் இடம் இது. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஆகும். துடைக்காமல் விட்ட ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீரும் எண்ணெயின் சூட்டை அப்படிப் பறிக்கும். துணியால் ஒற்றி எடுப்பது இலவசம். பழைய பருத்தி வேட்டித் துண்டை விரித்து, அதில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் விடுங்கள். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டக் கூடாது.

எண்ணெய்க்கு வருவோம். இங்கே செக்கு எண்ணெய் வேண்டாம் என்பேன். செக்கு நல்லெண்ணெய் மீதும் கடலை எண்ணெய் மீதும் எனக்குப் பிரியம் அதிகம், ஆனால் இரண்டாவது முறை பொரிக்கும் சூட்டை எட்டும்போது அவை புகைய ஆரம்பித்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி, அந்தச் சூட்டைத் தாங்கும். அடி கனமான, ஆழமான வாணலியாக எடுத்துக்கொள்ளுங்கள். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு கிழங்குத் துண்டே போதும். எண்ணெயில் போட்டதும் அடிக்குப் போய், சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழ்கள் நிதானமாக வந்தால் முதல் முறைக்கான சூடு. போட்ட மாத்திரத்தில் சடசடவென்று இரைந்தால் சூடு அதிகம், தீயைக் குறைத்துக் கொஞ்சம் காத்திருங்கள்.

அரைக் கிலோவையும் ஒரே ஈடாகப் போட்டுவிடாதீர்கள். மூன்று ஈடாகப் பிரியுங்கள். ஒரு ஈடு 5 முதல் 6 நிமிடம் மிதமான தீயில் வேகட்டும். முதல் ஒரு நிமிடம் கரண்டி போடாதீர்கள், உடையும். நிறம் மாறத் தேவையில்லை. ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினால் வெந்து நசுங்க வேண்டும், தூக்கினால் துவள வேண்டும். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் துளை போட்ட தட்டிலோ கம்பி வலையிலோ பரப்பி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். விருந்தாளிகள் வருவதாக இருந்தால் காலையிலேயே இதுவரை முடித்து வைத்துவிடலாம்.

பரிமாறும் நேரத்தில் எண்ணெயை நன்றாகக் காய வையுங்கள். இந்த முறை துண்டு விழுந்ததும் இரைய வேண்டும். ஈடு ஈடாகப் போட்டு, கிளறிவிட்டு, 2 முதல் 3 நிமிடம். குமிழ்கள் சிறுத்து, சத்தம் தணிந்து, கரண்டியில் அள்ளும்போது துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று ஒலித்தால் எடுத்துவிடுங்கள். உதறி, அகலமான பாத்திரத்தில் போட்டு, சூடாக இருக்கும்போதே உப்பைத் தூவிக் குலுக்குங்கள். மேலே மினுங்கும் எண்ணெய் காய்வதற்குள் தூவினால்தான் உப்பு ஒட்டும். பொரிப்பதற்கு முன்னால் உப்புப் பிசிறக் கூடாது. உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து, நாம் துடைத்ததையெல்லாம் வீணாக்கிவிடும்.

மூடி போட்டு வைக்காதீர்கள். ஹாட்பாக்ஸில் வைத்தால் சூடு இருக்கும், ஆனால் உள்ளிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியில் பட்டுத் தண்ணீராகி அதே கிழங்கின்மேல் சொட்டும். கடையில் வாங்கி மூடிய பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவரும் ஃப்ரைஸ் துவண்டு போவதும் இதனால்தான்.

புளியும் வினிகரும்

இரண்டு முறை பொரித்துப் பழகிய பிறகு, இன்னும் கெட்டியான ஓடு வேண்டும் என்று ஆசை வந்தால் பொரிப்பதற்கு முன் தண்ணீரில் வேக வைத்துப் பாருங்கள். அரிந்த கிழங்கைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் குழைந்து உடையும். அதைத் தடுக்க லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுவார்கள். ஏன் என்று நம் சமையலறைக்குத் தெரியும். சாம்பாரில் காய் வேகும் முன்னே புளியை ஊற்றிவிட்டால் காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்குமே, அதே கதை. காய்கறிகளின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை, புளிப்பு இருந்தால் எளிதில் கரையாது. ஆப்ப சோடா சேர்த்தால் நேர்மாறாக வேகமாகக் கரையும். வினிகர்த் தண்ணீரில் வேக வைத்த துண்டு முழுக்க வெந்திருக்கும், ஆனால் வடிவம் குலையாது. 1 செ.மீ. துண்டுக்கு சுமார் 8 நிமிடம். வடித்து, ஆவி பறக்க உலர்த்தி, மேலே சொன்னபடி இரண்டு முறை பொரிக்கலாம். இப்போது முதல் பொரியலுக்கு 2, 3 நிமிடமே போதும். வினிகர் வாடை கடைசியில் தெரியாது.

உறைய வைப்பதும் உதவும். முதல் முறை பொரித்து ஆறியதை ஒரு தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, அதன் கூர்மையான படிகங்கள் செல் சுவர்களைக் கிழிக்கின்றன. எண்ணெயில் போட்டதும் தண்ணீர் வெளியேறுவது சுலபமாகிறது. கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் ஃப்ரோஸன் ஃப்ரைஸ் இப்படித்தான் தயாராகிறது. நறுக்கி, வெந்நீரில் அலசி, உலர்த்தி, அரைகுறையாகப் பொரித்து, உறைய வைத்தது அது. 1940களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சிம்ப்ளாட் நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டன்லப் என்ற வேதியியலாளர் இந்த முறையை உருவாக்கினார். அதனால் பாக்கெட் ஃப்ரைஸைப் பொரிக்கும்போது நாம் செய்வது இரண்டாவது பொரியல் மட்டும்தான். அதைக் கரைய விட்டுப் பொரிக்காதீர்கள், கரைந்தால் மேல்பரப்பு நனைந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெய்க்கு, கொஞ்சம் கொஞ்சமாக.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அது பொரிப்பது இல்லை, சூடான காற்றில் சுடுவது. எண்ணெய் அளவுக்குக் காற்று சூட்டைக் கடத்தாது. அங்கே ஓடு கட்ட அதிக நேரம் ஆகும், அதற்குள் உள்ளேயும் காய்ந்துவிடும். வினிகர்த் தண்ணீரில் முன்பே வேக வைத்து, நன்றாக உலர்த்தி, ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரு ஸ்பூன் அரிசி மாவும் பிசிறி, ஒற்றை அடுக்காகப் பரப்பி வைத்தால் 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடத்தில் நல்ல பலன் கிடைக்கும். நடுவில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். பச்சைக் கிழங்கை அப்படியே உள்ளே வைத்தால் தோல் போல இழுபடும்.

பொரித்து முடித்த எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கிழங்கு மட்டும் பொரித்த எண்ணெய் அவ்வளவாகக் கெடாது, இன்னொரு முறை தாராளமாகப் பயன்படும். நுரை தட்டினாலோ, கறுத்துப் பிசுபிசுத்தாலோ, முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ கொட்டிவிடுங்கள். பொரிக்கும்போது எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அந்த 1,600 மடங்கு கணக்கு அப்போது எரியும் எண்ணெயை அறை முழுக்க வீசும். அடுப்பை அணைத்து, கனமான மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள்.

மிச்சமாகிவிட்டால்? மைக்ரோவேவில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓட்டை நனைத்துவிடும். தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, எண்ணெய் விடாமல், ஃப்ரைஸை ஒற்றை வரிசையாகப் பரப்பிப் புரட்டிப் புரட்டி மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். முதலில் மெல்லிசாக ஆவி எழும். அது நின்றதும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.